பூச்சி ரோபோ: பயமும் பயனும்

பூச்சி அளவில் ரோபோ என்றதும் பலருக்கும் எழும் கேள்வி, ‘வீட்டுக்குள் புகுந்து வேவு பார்க்குமோ?’ என்பதுதான். இத்தகைய ரோபோ ஆய்வுகள் சிலவற்றுக்கு அமெரிக்க ராணுவ நிதியும் கிடைத்திருப்பதால், அந்தப் பயத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் சான்றுகள் என்ன சொல்கின்றன? 2013இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பறக்கவிட்ட ‘ரோபோபீ’, கிராமில் பத்தில் ஒரு பங்குகூட எடையில்லாதது. மின்சாரமோ மெல்லிய கம்பி வழியே வந்தது. 2019இல் கம்பியில்லாமல் எழுந்தபோது ஒரு நொடிகூட அது பறக்கவில்லை. ஒளிந்து பறக்கும் உளவாளிக்கு இந்தச் சக்தி போதாது.

‘நாளை போதுமே!’ என்பது நியாயமான மறுப்பு. அதற்காக ஆய்வையே நிறுத்தினால் இழப்பு நமக்குத்தான். மும்பை ஐஐடியில் படித்த கௌசிக் ஜெயராம், கரப்பான் பூச்சி உடலை நசுக்கிக்கொண்டு இடுக்கில் நுழைவதை ஆராய்ந்து, 2016இல் அதேபோல் தட்டையாகி நகரும் ரோபோவை வெளியிட்டார். 2025 மியான்மர் நிலநடுக்கத்தில் சிங்கப்பூர் மீட்புக் குழு, மின்னணுக் கருவி பொருத்திய நிஜக் கரப்பான்களையே இடிபாடுகளுக்குள் அனுப்பியது. 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையைக் கண்ட காயல்பட்டினத்துக்கு, ஆள் போக முடியாத இடத்தில் தேடும் கருவியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, ஆய்வுக்குத் தடை கேட்க வேண்டாம். கேமரா பொருத்திய கருவியை யார், எங்கே, எதற்காக இயக்கலாம் என்று வரையறுக்கும் சட்டத்தைக் கேட்போம்.