பேனா செய்வதற்கான துளையிடும் இயந்திரம்

பேனா செய்வதற்கான துளையிடும் இயந்திரம் என்பது, மரம், அக்ரிலிக், எபோனைட் போன்ற பொருள்களின் சிறு கட்டைகளில் நீளவாக்கில் நேரான துளையிடப் பயன்படும், தாங்கியில் பொருத்தப்பட்ட துளைப்பொறி ஆகும். பட்டறைகளில் இது டிரில் பிரஸ் அல்லது பில்லர் டிரில் என்று அழைக்கப்படுகிறது. பேனா கடைதலைப் பொழுதுபோக்காகவோ சிறு தொழிலாகவோ தொடங்குவோர், கடைசல் இயந்திரத்திற்கு அடுத்தபடியாக அதிகப் பணம் செலவிடுவது பெரும்பாலும் இதற்குத்தான். எனினும் இவ்வேலைக்கு விலை உயர்ந்த இயந்திரம் கட்டாயம் அன்று. எந்த அளவு முக்கியம், எது முக்கியமன்று என்பதை அறிந்தால் குறைந்த செலவில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வேலையின் தன்மை

உதிரித் தொகுப்பாக விற்கப்படும் பேனாக்களில் மிகப் பரவலானது, 7 மி.மீ. விட்டமுள்ள இரண்டு பித்தளைக் குழாய்களைக் கொண்ட மெல்லிய வகையாகும். அதன் ஒவ்வொரு குழாயும் ஏறத்தாழ 53 மி.மீ. நீளமுடையது. சுமார் 19 மி.மீ. சதுரமும் 127 மி.மீ. நீளமும் கொண்ட கட்டை இரண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் முழு நீளத்திற்குத் துளையிடப்படுகிறது. குழாய் துளைக்குள் சூப்பர் குளூ அல்லது எப்பாக்சிப் பசையால் ஒட்டப்படுகிறது. பின்னர் மாண்ட்ரல் எனப்படும் மெல்லிய எஃகுத் தண்டில் கட்டை கோக்கப்பட்டு, கடைசல் இயந்திரத்தில் கடையப்படுகிறது.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கட்டை அதன் வெளிப்புறத்தை அடிப்படையாகக் கொண்டு கடையப்படுவதில்லை. துளையை அச்சாகக் கொண்டே கடையப்படுகிறது. ஆகவே துளை சற்றுச் சாய்ந்தாலும் முடிந்த பேனா கோணலாகாது. துளை 1 பாகை சாய்ந்தால் 53 மி.மீ. நீளத்தில் ஏற்படும் விலகல் ஏறத்தாழ 0.9 மி.மீ. மட்டுமே. 19 மி.மீ. கட்டையின் நடுவில் 7 மி.மீ. துளையிட்டால் பக்கத்திற்கு 6 மி.மீ. மரம் மிஞ்சுவதால், இவ்விலகலைக் கட்டை தாங்கிக்கொள்ளும். பல நிற மரங்களை ஒட்டிக் கோலம் அமைக்கும் கட்டைகளில் மட்டும் துளை நடுவில் அமைவது அவசியம். இல்லையெனில் கோலம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

மாறாக, துளை அகன்றுபோதல், வெப்பத்தால் கட்டை வெடித்தல், அடிப்பக்கம் பிய்தல் ஆகிய மூன்றும் எளிதில் திருத்த முடியாத பிழைகள். இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைத் தவிர்க்கும் கூறுகளுக்கே பணம் செலவிட வேண்டும்.

தேர்வுக்கான கூறுகள்

இறக்க ஆழம்: கைப்பிடியை ஒருமுறை முழுதும் இழுக்கும்போது துளையலகு இறங்கும் தூரம் இது. விலை குறைந்த சிறு இயந்திரங்களில் இது பெரும்பாலும் 50 மி.மீ. மட்டுமே. குழாயைவிடக் கட்டை 2 அல்லது 3 மி.மீ. நீளமாக வெட்டப்படுவதாலும், துளையலகின் கூர்முனை வெளியே வரவேண்டியிருப்பதாலும் ஏறத்தாழ 60 மி.மீ. தேவைப்படுகிறது. 80 மி.மீ. இறக்கமுள்ள இயந்திரம் பெரும்பாலான பேனா வகைகளுக்குப் போதும். 50 மி.மீ. இயந்திரமே கையிலிருந்தால் முதலில் 45 மி.மீ. வரை துளையிட்டு இயந்திரத்தை நிறுத்த வேண்டும். பிறகு மேசையை 20 மி.மீ. அளவு உயர்த்தி, துளையலகு முந்தைய துளைக்குள் தடையின்றி இறங்குமாறு நேராக்கி, மேசையைப் பூட்டி மீதியைத் துளையிடலாம்.

வேகம்: 7 மி.மீ. துளையலகு நிமிடத்திற்கு 1000 சுற்றுகள் சுழலும்போது அதன் விளிம்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 22 மீட்டர் வேகத்தில் வெட்டுகிறது. அதே சுழற்சியில் 12.5 மி.மீ. துளையலகின் வெட்டு வேகம் 39 மீட்டராகிறது. எனவே பெரிய துளைகளுக்கு வேகத்தைக் குறைப்பது தேவையாகிறது. அக்ரிலிக் வெப்பத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கு இன்னும் மெதுவான சுழற்சி நல்லது. இயந்திரத்தின் மிகக் குறைந்த வேகம் 500 அல்லது 600 சுற்றுகளாக இருப்பது விரும்பத்தக்கது. பட்டையைக் கப்பிகளில் மாற்றி வேகத்தை அமைக்கும் எளிய முறையே போதுமானது.

சுழல் ஆட்டம்: சக் அல்லது சுழல்தண்டு ஆடினால் துளையின் வாய் அகன்று குழாய் தளர்வாக நிற்கும். ஒரு நேரான எஃகுத் தண்டைச் சக்கில் பூட்டிக் கையால் சுழற்றிப் பார்த்தால் பெரிய ஆட்டம் கண்ணுக்கே தெரியும். டயல் கேஜ் இருந்தால் அளந்தும் பார்க்கலாம். குறை சக்கில் மட்டும் இருந்தால் சக்கை மாற்றினால் போதும். பேரிங் தேய்ந்திருந்தால் செலவு கூடும்.

திறன்: மரத்திலும் அக்ரிலிக்கிலும் 12.5 மி.மீ. வரை துளையிட 250 வாட், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு குதிரைத்திறன் கொண்ட மோட்டார் போதும்.

முக்கியமல்லாதவை: 8 அங்குலம், 10 அங்குலம் என இயந்திரத்திற்குச் சொல்லப்படும் அளவு, துளையலகுக்கும் தூணுக்கும் உள்ள தூரத்தின் இரு மடங்காகும். அகலமான பலகைகளுக்கு இது தேவை. 19 மி.மீ. கட்டைக்கு மிகச் சிறிய இயந்திரமும் போதும். லேசர் ஒளிக்குறி, எண்முறை வேகக்காட்டி போன்றவையும் பேனாவின் தரத்தைக் கூட்டுவதில்லை.

பழைய இயந்திரம் வாங்குதல்

பயன்படுத்திய இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். உரசல் ஒலி பேரிங் தேய்மானத்தைக் காட்டும். சுழல்தண்டைப் பாதி இறக்கி, பக்கவாட்டில் அசைத்துத் தளர்வைச் சோதிக்கலாம். வளைத்த கம்பி ஒன்றைச் சக்கில் பூட்டி, அதன் நுனி மேசையைத் தொடுமாறு வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால், மேசை செங்குத்தாக உள்ளதா என்பது தெரியும். மேசைச் சாய்வைச் சரிசெய்து கொள்ளலாம். வளைந்த தூணைச் சரிசெய்வது கடினம்.

செலவைப் பங்கிடுதல்

முழுப் பணத்தையும் இயந்திரத்திலேயே செலவிடாமல் வைஸுக்கும் துளையலகுக்கும் ஒரு பங்கை ஒதுக்குவது நல்லது. மழுங்கிய துளையலகு விலை உயர்ந்த இயந்திரத்திலும் கட்டையை எரிக்கும். கட்டையைச் செங்குத்தாகப் பிடிக்க, இரு மரத்துண்டுகளில் வி வடிவப் பள்ளம் வெட்டிச் செய்த தாங்கியைச் சாதாரண வைஸில் பொருத்தினாலே போதும். சில மில்லிமீட்டர்களுக்கு ஒருமுறை துளையலகை வெளியே எடுத்துத் தூளை அகற்றினால் வெப்பம் குறையும். கட்டையின் அடியில் கழிவுப் பலகை வைத்தால் அடிப்பக்கம் பிய்வது குறையும்.

பாதுகாப்பு

கட்டையைக் கையால் பிடித்துத் துளையிடக் கூடாது. துளையலகு சிக்கினால் கட்டையும் சேர்ந்து சுழன்று விரல்களை முறிக்கும். வைஸை மேசையுடன் போல்ட்டு கொண்டு இறுக்க வேண்டும். கையுறை, தொங்கும் துணி, கட்டாத கூந்தல் ஆகியவை சுழல்தண்டில் சிக்கக்கூடியவை. சக் சாவியை எடுத்த பிறகே இயந்திரத்தை இயக்க வேண்டும். கண்ணாடியும் தூசிக்கவசமும் அவசியம்.

மாற்று வழி

கடைசல் இயந்திரம் ஏற்கெனவே இருப்பவர்கள் தனித் துளைப்பொறி இல்லாமலும் பேனா செய்யலாம். கட்டையைத் தலைப்பக்கச் சக்கில் சுழலவிட்டு, வால்பக்கத்தில் பொருத்திய துளையலகைத் திருகிச் செலுத்தினால், துளை கட்டையின் மையத்திலேயே அமைகிறது. இதற்குச் சக்குகள் மட்டுமே கூடுதல் செலவு. ஒரு நாளில் பல கட்டைகளைத் துளையிட வேண்டியவர்களுக்கு விரைவாக வேலை முடிக்கும் தனி இயந்திரமும், மாதத்திற்குச் சில பேனாக்கள் மட்டும் செய்வோருக்குக் கடைசலிலேயே துளையிடும் முறையும் பொருந்தும்.