உருண்டையின் மறுபக்கம்

(மூன்றாம் ஆண்டு, இளநிலைக் கணிதம்)

காகிதம் தட்டையானது, கணினித் திரையும் தட்டையானதே. ஆயினும் ஒரு வட்டம் வரைந்து, ஒளி விழும் பக்கத்தை வெளிறவிட்டு, எதிர்ப்பக்கத்தைச் சிறிது சிறிதாகக் கருக்கினால், அவ்வட்டம் கையில் எடுக்கத்தக்க உருண்டையாகிவிடுகிறது. பள்ளி ஓவிய ஆசிரியர் பென்சிலால் செய்துகாட்டிய வித்தைதான் இது. ஒரு கணினித் திட்டத்துக்கு முப்பரிமாணச் சின்னம் அமைக்க இந்த வித்தை மட்டும் போதுமா? விக்கிப்பீடியாவின் சின்னத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். (அத்தளத்தை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளின் சின்னம் வேறு, அது சூரியகாந்திப் பூ.)

விக்கிப்பீடியாவின் சின்னம் படப்புதிர்த் துண்டுகளை இணைத்துச் செய்த உலக உருண்டை. உச்சியில் சில துண்டுகள் இல்லை. அறிவுப் பணி இன்னும் முடியவில்லை என்பது குறிப்பு. 2003இல் நடந்த போட்டியில் பால் ஸ்டான்சிஃபர் என்னும் 17 வயது இளைஞர் அளித்த கருத்து இது. டேவிட் ஃபிரீட்லேண்ட் என்பவர் அதன் பல வண்ணங்களை நீக்கி, துண்டுக்கு ஓர் எழுத்தாக அமைத்துச் சீர்ப்படுத்தினார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால், தேவநாகரி 'வி'யில் இகரக்குறி இடம் மாறி நின்றது. நம் 'கெ'யில் கொம்பு, ககரத்துக்குப் பின் ஒலித்தாலும் முன்னால் நிற்கிறதல்லவா? அதுபோலவே அக்குறியும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கவேண்டும். இந்திய எழுத்துகளைக் கோக்கும் முறை அந்நாளைய படம் வரையும் மென்பொருள்கள் பலவற்றுக்குத் தெரியாது. ஜப்பானிய எழுத்திலும் ஒரு பிழை இருந்தது. ஸ்டார் டிரெக் திரைப்படங்களுக்காகக் கற்பனையில் பிறந்த கிளிங்கன் மொழி எழுத்துக்குக்கூட ஒரு துண்டு கிடைத்திருந்தது! யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அழைக்கும் கலைக்களஞ்சியம், தன் நெற்றியிலிருந்த எழுத்துப்பிழையை 2010 வரை சுமந்தது.

காரணம் எளிது. கட்டுரையில் பிழையான எழுத்தை அழித்து வேறெழுத்து இடலாம். ஓவியத்திலோ எழுத்தும், அதன் வளைவும், அதன்மேல் விழும் நிழலும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. ஓர் எழுத்தை மாற்ற அந்த இடம் முழுவதையும் மீண்டும் தீட்டவேண்டும்.

2010இல் பிலிப் மெட்ஷான் வேறு வழியை மேற்கொண்டார். படம் தீட்டாமல், கணினிக்குள் உருண்டையையே முப்பரிமாண உருவாகக் கட்டினார். இம்முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், ஆழம் என மூன்று எண்கள் உண்டு. எழுத்து அந்தப் பரப்பில் ஒட்டப்படுகிறது. விளக்கை எங்கே வைப்பது, எங்கிருந்து பார்ப்பது என்று சொல்லிவிட்டால் நிழலைக் கணினியே கணக்கிட்டுத் தட்டையான படமாகத் தந்துவிடும். பார்வைக்கு நேரே உள்ள துண்டு முழு அகலத்தோடு தெரியும். அங்கிருந்து 60 பாகை விலகியது, கொசைன் 60 பாகை அரை ஆதலால், பாதியாகச் சுருங்கித் தெரியும். அதிலுள்ள எழுத்தும் அப்படியே ஒடுங்கும். ஓவியர் கண்ணால் மதிப்பிடுவதை இங்கே திரிகோணமிதி செய்கிறது.

பிழைகள் நீங்கின, கிளிங்கன் இருந்த இடத்துக்கு எத்தியோப்பிய எழுத்து வந்தது. எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. ஓவியத்துக்கு முதுகு கிடையாது; பாதி உருண்டையைக் காட்டினால் வேலை முடிந்தது. முழு உருவம் கட்டுவோர் பின்புறத் துண்டுகளில் என்ன எழுத்து வரும் என்பதற்கும் விடை சொல்லவேண்டும். நாள்தோறும் சின்னத்தைப் பார்ப்பவர் கண்ணில் படாத பக்கம் அது. ஆனால், தம் எழுத்து அங்கே உள்ளதா என்று ஒரு மொழியினர் கேட்டால், உருண்டையைத் திருப்பிக் காட்டியாக வேண்டும்! போலந்தின் சுவுபிட்சே நகரில் 2014இல் விக்கிப்பீடியாவுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியபோது, நான்கு மனித உருவங்கள் இந்த உருண்டையைத் தூக்கி நிற்பதாகச் சிற்பி மிஹ்ரான் ஹகோபியான் வடித்தார்.

இவ்வளவு பாடுபட்டும் உருண்டை நுழையமுடியாத இடம் ஒன்றுண்டு. உலாவியின் மேல்விளிம்பில், பக்கத்துக்கு 16 புள்ளி நீளமுள்ள சிறு சதுரத்தில் அதை வைத்தால் சாம்பல்நிறப் பொட்டாகத்தான் தெரியும். அங்கே 'டபிள்யூ' என்ற ஓரெழுத்து மட்டும், நிழலின்றித் தட்டையாக நிற்கிறது.