‘யெஸ்’ குடுத்துடவா, மாப்ள?

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. கடலூரில் என் ரூமில் கோதுமை தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சேத்தியாத்தோப்பு நண்பன். குறுக்கு ரோட்டுப் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன்.

“மாப்ள, கரண்ட் போயிட்டு வந்துச்சு. சிஸ்டம் ஆன் ஆவுது. ஆனா டி டிரைவைத் தொட்டா, இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும், பண்ணட்டுமான்னு கேக்குது. யெஸ் குடுத்துடவா?”

“டேய்! மவுஸ்லேர்ந்து கையை எடு!”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ரூம்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அந்தக் கேள்வியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் “இலையை எடுத்துடலாமா?” என்று பணிவாகக் கேட்பார்களே, அந்த மாதிரிப் பணிவு அது. தலையாட்டினால் போச்சு.

“யு.பி.எஸ். என்னாச்சு?”

“அது பேட்டரி செத்து ஒரு வருஷமாச்சு. கத்துற சத்தம் பொறுக்காம கழட்டி வச்சுட்டேன்.”

இத்தனைக்கும் ஊரே வெளிச்சமாகும்படி கரண்ட் உற்பத்தி செய்கிற நெய்வேலி பக்கத்தில்தான் இருக்கிறது!

டி டிரைவில் என்ன இருந்தது என்று கேட்டேன். எல்லாம் இருந்தது. பத்து, பன்னிரண்டு வருஷத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ். கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னான்.

“வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் வந்தார்டா. சம்சாரம் தவறிட்டாங்க. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் மாட்டணும். அந்தம்மா போட்டோவே எடுத்துக்கிட்டதில்லையாம். 2011 தை மாசம் பேத்தி காதுகுத்துக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். அந்த ஆல்பம் தானே புயல்ல கூரையோட போயிடுச்சு. தேடி வைக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.”

தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்த கதை இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆல்பங்கள் எத்தனை போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

“காரியம் என்னிக்கு?”

“வர்ற வியாழன்.”

தோசையைக் கருகவிட்டுவிட்டுப் பையை எடுத்து வைத்தேன். ஞாயிறு காலை வடலூர் வழியாகப் போகும் முதல் பஸ்.

போகிற வழியில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க் என்பதைப் பெரிய வயல்வெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 512 எழுத்து பிடிக்கிற சின்னச் சின்னப் பாத்திகள். ஒரு டெராபைட் டிஸ்க்கில் இப்படிச் சுமார் 195 கோடி பாத்திகள். உங்கள் போட்டோ எந்தெந்தப் பாத்தியில் எந்த வரிசையில் கிடக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. நம் வி.ஏ.ஓ. ஆபீஸ் சிட்டா, அடங்கல் மாதிரி. இதற்குத்தான் ஃபைல் சிஸ்டம் என்று பெயர்.

சிட்டாவைக் கரையான் அரித்துவிட்டால் நிலம் எங்கேயாவது போய்விடுமா? அங்கேயேதான் இருக்கும். யார் நிலம் எது என்றுதான் தெரியாது. டிஸ்க்கும் அப்படித்தான். “ஃபார்மட் பண்ணட்டுமா?” என்று விண்டோஸ் கேட்பதற்கு அர்த்தம், “எனக்கு சிட்டா படிக்க முடியவில்லை, புதுசாக வெற்று சிட்டா போட்டுக்கொள்ளட்டுமா?” என்பது. குயிக் ஃபார்மட் என்றால் அதோடு விடும். நிலம் அப்படியே கிடக்கும், சாமர்த்தியசாலிகள் மீட்டுவிடலாம். முழு ஃபார்மட் என்றால்? விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து அது வயல் முழுக்கப் பூஜ்யம் விதைத்து உழுதுவிடுகிறது. அப்புறம் அழுது பிரயோஜனமில்லை.

கரண்ட் போனால் கணக்கு ஏன் கெடுகிறது? ஒரு படத்தை சேமிக்கும்போது கம்ப்யூட்டர் மூன்று நான்கு இடத்தில் எழுத வேண்டும். படத்தை எழுத வேண்டும், பெயரை எழுத வேண்டும், இந்தப் பாத்திகள் இனி காலி இல்லை என்று குறிக்க வேண்டும். பத்திரம் பதிந்து பட்டா மாற்றுவதற்குள் ஆபீஸ் பூட்டிய கதையாக, நடுவில் கரண்ட் போனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. 1993-இல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த என்.டி.எஃப்.எஸ். இதற்கு ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. செய்யப்போவதை முதலில் அதில் குறித்துக்கொண்டு பிறகு செய்யும். அதனால் கரண்ட் கட்டை மட்டும் காரணம் காட்டி முழு டிரைவும் போய்விட்டது என்றால் எனக்குச் சந்தேகம் வரும். கணக்குப்பிள்ளை மீது பழி போடுவதற்கு முன்னால் நிலத்தையும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

சேத்தியாத்தோப்பில் இறங்கியபோது கும்பகோணம் பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஸ்டூடியோவில் நண்பன் தாடியோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு சர்வீஸ் பையன். கையில் டீ.

“அண்ணே, செக்டிஸ்க் போட்டா சரியாயிடும்ணே. நான் நெறைய பாத்திருக்கேன்.”

“வேண்டாம் தம்பி.”

“ஏண்ணே? அது ரிப்பேர்தானே பண்ணுது?”

நியாயமான கேள்விதான். நம்மில் பாதிப்பேர் இதை நம்பித்தான் கெட்டுப் போகிறோம். செக்டிஸ்க்குக்கு உங்கள் பேத்தி போட்டோ மீது அக்கறை கிடையாது. கணக்குப் புத்தகம் நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டாலி ஆகாத வரிகளை அடித்துவிடும். உரிமையாளர் தெரியாத துண்டுகளை ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் நம்பர் போட்டு எறிந்துவிடும். செய்ததைத் திரும்பப் பெற வழியில்லை. அதிலும் டிஸ்க்கே நோயாளியாக இருந்தால், எல்லாப் பாத்தியையும் தேடச் சொல்வது ஐ.சி.யூ.வில் இருப்பவரை ஓட்டப் பந்தயத்துக்கு அழைப்பது போல.

முதலில் காது வைத்துக் கேட்டேன். டக்... டக்... டக்... என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உள்ளே ஹெட் அடிபட்டிருக்கலாம். அப்படியானால் உடனே சுவிட்சை அணைத்து, தூசி இல்லாத அறை வைத்திருக்கும் ஆட்களிடம்தான் கொண்டுபோக வேண்டும். ஃபிரிட்ஜில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். நல்லவேளை, அந்தச் சத்தம் இல்லை.

அடுத்தது கேபிள். சிரிக்காதீர்கள். இருபது, முப்பது ரூபாய் கேபிள் தளர்ந்ததற்காக டிஸ்க்கையே தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். பையிலிருந்த புது சாட்டா கேபிளை மாட்டினேன். அதே கேள்வி. அதே ‘பண்ணட்டுமா?’

மூன்றாவது, டிஸ்க்கின் ஜாதகம். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் அதைப் படித்துக் காட்டும். 5-ஆம் நம்பர், கெட்டுப்போனதால் மாற்று இடம் தந்த பாத்திகள். 197, படிக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பவை. 198, தானே சோதித்துப் பார்த்தும் தேறாதவை. 199 ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு.

199 சுத்தம். 197-க்கு நேரே 48.

“195 கோடியில 48 தானே மாப்ள?” என்றான் நண்பன், முகம் கொஞ்சம் மலர்ந்து.

“வீராணத்துக் கரை பத்து மைல் நீளம். ஒரு எலி வளை எத்தனை அடிடா?”

மலர்ந்த முகம் மறுபடி சுருங்கியது. ஆக, கணக்கு மட்டும் கெடவில்லை. நிலமும் உவர் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. இந்த நிலைமையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ரிப்பேரைப் பற்றி யோசிக்கவே கூடாது. உயிர் இருக்கும்போதே முழு டிஸ்க்கையும் பாத்திக்குப் பாத்தி இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட வேண்டும். எல்லாச் சோதனையும் பிறகு நகலின் மேல். நகல் நாசமானால் இன்னொரு நகல். ஒரிஜினலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

நண்பன் புவனகிரி வழியாக பைக்கில் சிதம்பரம் பறந்தான். ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டர் திறந்திருந்த ஒரு கடையில் 2 டெராபைட் டிஸ்க் வாங்கிக்கொண்டு, விலையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே மூன்று மணிக்குத் திரும்பினான். கூடவே வாடகைக்கு ஒரு இன்வெர்ட்டர். அதில் பழைய பேட்டரிதான் இருந்தது. இருந்தாலும் சாமி கும்பிட்டு மாட்டினோம்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதிய இலவச சாஃப்ட்வேர். இதன் அழகு என்னவென்றால், கெட்ட இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காது. தாண்டிப் போய், சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிப்பவற்றைக் கடைசியில் வந்து ஒவ்வொன்றாகக் கெஞ்சிக் கேட்கும். எங்கே விட்டோம் என்று ஒரு வரைபடக் குறிப்பும் வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை இன்னொரு பென் டிரைவில் எழுதச் சொன்னேன். நகல் எங்கிருந்து எங்கே என்பதை மட்டும் மூன்று தடவை சரிபாருங்கள். இரண்டும் இடம் மாறினால் காலி டிஸ்க்கை எடுத்துப் படங்களின் மேல் பூசிவிடுவீர்கள்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் ஐந்து நிமிஷம் மானம் காத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நண்பன் இருட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. அதே கட்டளையை மறுபடி கொடுத்தேன். குறிப்பைப் படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தது. திங்கட்கிழமை பொழுது விடியும்போது, சில நூறு பாத்திகள் தவிர எல்லாம் புது டிஸ்க்கில். ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று செய்தி அனுப்பினேன். மானேஜர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

இனி சிட்டா. என்.டி.எஃப்.எஸ். பார்ட்டிஷனின் முதல் பாத்திதான் தலைப்புப் பக்கம். கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்வது அதுதான். அதைச் செய்தவர்கள் முன்யோசனைக்காரர்கள். அதே பக்கத்தின் இன்னொரு பிரதியைப் பார்ட்டிஷனின் கடைசிப் பாத்தியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இப்படி இரண்டாம் பிரதி காப்பாற்றுவது புதிதல்ல. 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி வெடித்த செர்னோபில் வைரஸ், தைவான் மாணவர் ஒருவர் எழுதியது. டிஸ்க்கின் முதல் ஒரு மெகாபைட்டை அழித்துவிட்டுப் போயிற்று. அப்போதும் கணக்கின் இரண்டாம் பிரதி பிழைத்திருந்த டிஸ்க்குகளைத்தான் மீட்டெடுத்தார்கள்.

பிரெஞ்சுக்காரர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க்கை நகல் மேல் ஓட்டினேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி. பூட் செக்டார்: கெட்டது. பேக்கப் பூட் செக்டார்: சரி.

பின்னால் நின்றவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பேக்கப்பை எடுத்து முன்பக்கத்தில் எழுதச் சொன்னேன். ரீபூட் செய்தேன். டி டிரைவைத் தொட்டேன். கேள்வி இல்லை. மஞ்சள் ஃபோல்டர்கள் வரிசையாக, பெயரோடு, தேதியோடு. நண்பன் என் தலையில் ஓங்கி ஒன்று வைத்தான். இந்தப் பக்கத்தில் நன்றி சொல்வது அப்படித்தான்.

இதுவும் வேலை செய்யாமல் போயிருந்தால் ஃபோட்டோரெக் என்று ஒன்று உண்டு. அது சிட்டாவையே பார்க்காது. வயலில் நேரே இறங்கி, ஜேபெக் படத்தின் தலையெழுத்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அறுவடை செய்யும். படங்கள் வரும், பெயர்கள் வராது. பத்து வருஷத்து மணப்பெண்களும் நம்பர்களாக வரிசையில் நிற்பார்கள். எஸ்.எஸ்.டி. டிஸ்க் வைத்திருப்பவர்கள் மட்டும் இதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். அதில் அழித்த இடத்தைத் தானே துடைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. சாகும்போது டக் என்ற சத்தம்கூட வராது.

2011 தை ஃபோல்டரைத் திறந்தோம். 212 படம். மூன்று படங்களில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் கலர். படிக்க முடியாமல் போன பாத்திகள் அங்கே வந்து விழுந்திருந்தன. நண்பன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். மாமன் மடியில் பேத்தி, அழுகிற பேத்தி, லட்டு தின்கிற பேத்தி. அந்தம்மாவைக் காணோம். 140-ஐத் தாண்டியதும் நிறுத்தினான்.

படத்தின் ஓரத்தில், ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு, கேமரா தன்னைப் பார்ப்பது தெரியாமல் பேத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பெரியவர் வந்தார். பெரிது பண்ணி ஃபிரேம் போட்டிருந்த படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மூக்குத்தி இருந்த இடத்தைக் கண்ணாடி மேலேயே விரலால் தொட்டார். நண்பன் பணம் வாங்கமாட்டேன் என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான்.

“தம்பி, இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடு. பொண்ணு விருத்தாசலத்துல இருக்கா. ஒண்ணு அவ வீட்டுல இருக்கட்டும். இங்க மறுபடியும் புயல் வந்தாலும் வரும்.”

நண்பன் என்னைப் பார்த்தான். நான் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.