கைம்மாவின் கைக்கருவி

கருவி செய்வது மனிதனுக்கே உரியது என்ற வரையறையை ஆட்டங்காணச் செய்தது கோம்பே காடு. சிம்பன்சி ஒன்று குச்சியின் இலைகளைக் களைந்து, புற்றில் நுழைத்துக் கரையான் பிடித்ததை 1960இல் ஜேன் குட்டால் அங்கே கண்டார்.

நம் பக்கத்துச் சான்று யானை. அதைக் 'கைம்மா', அதாவது கையுடைய விலங்கு, என்று அழைத்த மொழி நம்முடையது. துதிக்கையால் காவிரி நீர் கொணர்ந்து ஈசனை ஆட்டிய யானையின் பெயரில் அமைந்தது எங்கள் திருவானைக்காவல். கர்நாடகத்தின் நாகரஹொளேயில் அமெரிக்கப் பேராசிரியர் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 13 வளர்ப்பு யானைகளுக்கு, ஈ ஓட்டுவதற்கு வசதிப்படாத நீண்ட கிளைகளைக் கொடுத்துப் பார்த்தனர். 2001இல் வெளியான அந்த ஆய்வின்படி, 8 யானைகள் கிளையை ஒடித்து அளவாக்கி, அதன் பிறகே வீசின. முன்காலால் மிதித்துக்கொண்டு துதிக்கையால் ஒடிப்பது அவற்றின் வழக்கம். (எஞ்சிய ஐந்தை மந்தம் என்று சொல்ல நான் துணியேன்.)

ஈ கடிக்கும்போதே அதை விரட்டாமல், முதலில் கருவிக்கு உழைப்பைச் செலவிடுவதைப் பொருளியலில் மூலதன ஆக்கம் என்போம். கல்தளத்தில் சங்கிலியோடு நிற்கும் யானைக்கு அறிவு குறைவதில்லை, மூலப்பொருள்தான் கிடைப்பதில்லை. நறுக்கிய புல் வயிற்றை நிரப்பும், ஈயை ஓட்டாது. யானை வளர்க்கும் கோயில்கள் தீவனத்தில் ஒரு பங்கை நறுக்காத ஆலங்கிளையாகவே கொடுக்கலாம். தழையை அது தின்னும். கொம்பை என்ன செய்வதென்று அதுவே முடிவு செய்துகொள்ளும்.