அரசுக்கும் ஒரு வாயிற்படி

பிறர் இல்லத்தினுள் நுழையுமுன் ஸலாம் உரைத்து, வீட்டாரின் அனுமதியைப் பெற வேண்டுமென்று திருமறையின் அந்நூர் அத்தியாயம் கட்டளையிடுகிறது. திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் மனத்தாங்கலின்றித் திரும்பிவிட வேண்டும். அல்ஹுஜுராத் அத்தியாயமோ வீண் சந்தேகத்தையும், பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்துத் தடுக்கிறது. சந்தேகம் உளவுக்கு வித்தாகிறது. உளவு பழிச்சொல்லுக்கு வித்தாகிறது.

இக்கட்டளைகள் அண்டை வீட்டாருக்கு மட்டுமா? ஆள்வோருக்கும் உண்டா?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு நகர்வலம் வந்தபோது, ஒரு வீட்டிலிருந்து எழுந்த ஓசையைக் கேட்டுச் சுவரேறிக் குதித்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. உள்ளே மதுவுடன் இருந்தவர் அஞ்சவில்லை. “நான் செய்த பிழை ஒன்று, தாங்கள் செய்தவை மூன்று. உளவு பார்த்தீர்கள், வாயில் வழியே வரவில்லை, அனுமதியும் கேட்கவில்லை” என்ற பொருள்பட வாதிட்டார். அம்மாபெரும் ஆட்சியாளர் அவ்வாதத்தை ஏற்று, அவரை மன்னித்துத் திரும்பினார்கள். கண்டது குற்றமே, எனினும் கண்ட வழி முறையற்றது. ஆட்சியாளர் மக்களின் குறைகளைத் தேடித் திரிந்தால் அம்மக்களையே கெடுத்துவிடுவார் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையன்றோ?

இன்று மனிதனின் வீட்டுக்குச் சுவர் நான்கு மட்டுமல்ல. அவன் சட்டைப்பையிலுள்ள கைபேசியும் ஒரு வீடே. மனைவிக்கு எழுதியது, மருத்துவரிடம் சொன்னது, கடன் கேட்டது, ஆட்சியைக் குறை கூறியது எல்லாம் அதனுள் உள்ளன. இது நகரத்துச் செல்வரின் கவலை என்று எவரும் எண்ண வேண்டா. புதுவையை அடுத்த வீராம்பட்டினத்தை நோக்குங்கள்.

மீனவப் பெருமக்கள் வாழும் இக்கடலோரச் சிற்றூரில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிராமத் தகவல் மையம் ஒன்றை நிறுவினர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, ஊர்மக்களை எச்சரிக்க அந்த ஒலிபெருக்கியே பயன்பட்டது. அண்மையிலுள்ள நல்லவாட்டிலோ, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் விடுத்த எச்சரிக்கை ஒலிபெருக்கியில் முழங்கி, ஆயிரக்கணக்கானோரைக் காத்தது. ஒரு செய்தி தடையின்றி வந்து சேர்வது உயிர் காக்கும் காரியம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அதே புதுவை, செய்தியைத் தடுப்பதன் கொடுமையையும் கண்டது. 1908-இல் மகாகவி பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்நகரில் அடைக்கலம் புகுந்தார். அவர் நடத்திய ‘இந்தியா’ பத்திரிகை தன் எல்லைக்குள் வராதவாறு பிரிட்டிஷ் அரசு தடுத்தது. 1910-இல் அது நின்றே போயிற்று. அவ்வாண்டிலேயே அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் புதுவை வந்தனர். பிரெஞ்சு எல்லையைத் தாண்டிக் கைது செய்ய இயலாத பிரிட்டிஷார், ஒற்றர்களை அனுப்பினர். அத்தேசபக்தர்களின் கடிதங்களையும் வழிமறித்துச் சோதித்தனர்.

உளவு அத்துடன் நின்றதா? இல்லை. 1912-இல், போலியாகப் புனையப்பட்ட சதித் தாள்கள் ஐயரின் வீட்டுக் கிணற்றில் போடப்பட்டன. தண்ணீர் இறைக்கையில் அவை வெளிவந்தன. பாரதியாரின் யோசனைப்படி பிரெஞ்சு அதிகாரிகளிடம் உடனே தெரிவித்ததால் சூழ்ச்சி பலிக்கவில்லை. அரவிந்தரின் இல்லத்தைச் சோதிக்க வந்த நீதிபதி, அங்கே கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு மரியாதையுடன் திரும்பினார். குற்றத்தைத் தேடுபவன், அது கிடைக்காதபோது அதனை உண்டாக்கவும் துணிகிறான். இன்று அதற்குக் கிணறும் வேண்டா; கைபேசிக்குள் கள்ளத்தனமாக நுழையும் ஒரு மென்பொருள் போதும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், அந்தரங்கம் அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2020 ஜனவரி 10 அன்று, இணையத்தைக் காலவரையின்றி முடக்குவது செல்லாது என்றும், முடக்கும் ஆணைகள் வெளியிடப்பட வேண்டுமென்றும் அந்நீதிமன்றம் கூறிற்று. கடிதங்களை உடைக்கும் அதிகாரத்தை விரிவாக்க 1986-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் அளிக்கவில்லை என்பதும் நினைவுகூரத் தக்கது.

ஆயினும் குறை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்கீழ் செய்திகளை ஒட்டுக்கேட்க அனுமதி அளிப்பவர் உள்துறைச் செயலர். அதனைப் பரிசீலிப்பதும் செயலர்களின் குழுவே. கேட்பவரும் கொடுப்பவரும் சரிபார்ப்பவரும் ஒரே வீட்டார்! நீதிபதிக்கு அங்கே இடமில்லை. 2021-இல் பெகாசஸ் உளவு மென்பொருள் குறித்து உச்சநீதிமன்றம் அமைத்த குழுவுடன் அரசு ஒத்துழைக்கவில்லை என்று அக்குழுவே தெரிவித்ததாகத் தலைமை நீதிபதி 2022-இல் கூற நேர்ந்தது.

“நாட்டின் பாதுகாப்பு என்னாவது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. மக்கா வெற்றிக்கு முன்பு, படை புறப்படும் செய்தியை ஹாதிப் (ரலி) அவர்கள் குறைஷியருக்கு எழுதி அனுப்பியபோது, நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) முதலானோரை அனுப்பி அக்கடிதத்தைக் கைப்பற்றினார்களே!

ஆம், கைப்பற்றினார்கள். ஆனால் எப்படி? இன்னார், இன்ன இடத்தில், இன்ன கடிதத்தைக் கொண்டு செல்கிறார் என்ற உறுதியான அறிவு இருந்தது. மதீனாவிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு பயணியின் மூட்டையும் அவிழ்க்கப்படவில்லை. அதன்பின் எழுதியவரை அழைத்து, “இது என்ன?” என்று வினவினார்கள். மக்காவில் ஆதரவின்றி இருந்த தம் குடும்பத்தாரைக் காக்கவே எழுதியதாக அவர் கூறியதைக் கேட்டார்கள், ஏற்றார்கள், தண்டிக்கவும் விடவில்லை. உறுதியான காரணம், ஒரு குறிப்பிட்ட கடிதம், விளக்கம் கூற வாய்ப்பு ஆகிய இம்மூன்றும் இருந்தால் அது பாதுகாப்பு. இவையின்றி ஊரார் கடிதங்கள் அனைத்தையும் உடைப்பது பாதுகாப்பாகாது. அது குடிமக்கள் அனைவரையும் குற்றவாளிகளாக எண்ணுவதாகும்.

எனவே ஒட்டுக்கேட்கும் ஆணை ஒவ்வொன்றும் நீதிபதியின் முன் வைக்கப்பட வேண்டும் என்று நாம் உரக்கக் கேட்போம். அவ்வாறு கேட்குமுன், நம்மையும் திருத்திக்கொள்வோம். பிள்ளையின், மருமகளின், நண்பரின் கைபேசியை ஒளிந்து பார்ப்பவருக்கு, அரசைக் கேள்வி கேட்கும் நா எவ்வாறு எழும்? நம்பிச் சொல்லப்பட்ட சொல் அமானிதம். அதனைப் பேணுவது குடிமகனுக்கும் கோமகனுக்கும் பொதுவான கடமை.

எல்லாம் வல்ல இறைவன், பிறர் வாயிற்படியில் நின்று அனுமதி கேட்கும் பண்பை நமக்கும் நம்மை ஆள்வோருக்கும் அருள்வானாக! ஆமீன்.