கரிசல் பருத்தியும் கடல் வள்ளமும்

"வண்டியும் ஒருநாள் ஓடம் ஏறும்; ஓடமும் ஒருநாள் வண்டி ஏறும்" என்பது பழமொழி. கோவில்பட்டிக் கரிசலில் வாழும் நமக்கு ஓடத்தோடு என்ன உறவு என்று தோழியர் கேட்கலாம். உறவு உண்டு. நம் ஊரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூத்துக்குடிக்கு 1876-ஆம் ஆண்டில் இரயில் பாதை வந்தது. கரிசலில் விளைந்த பருத்திப் பொதிகள் அங்கே சென்றன. கரையோரக் கடல் ஆழமற்றதாகையால் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளியே நங்கூரமிட்டு நின்றன. பொதிகளை அவற்றிடம் கொண்டு சேர்த்தவை மரத் தோணிகளே.

1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. மீன்பிடி வள்ளங்களிலும் இன்று கண்ணாடி இழைப் படகுகள் மிகுந்துவிட்டன. பழுதடைந்து மணலில் கிடக்கும் மர வள்ளம் சில கோடைகளில் விறகாகிவிடுகிறது. அப்படிப்பட்ட சிறு வள்ளம் ஒன்றை வீட்டு முற்றத்தில் வைத்துச் செப்பனிட விரும்பும் புதியவர் என்னென்ன அறிய வேண்டும் என்பதைக் காண்போம்.

முதல் மருந்து நிழல்

கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதையும், மழை பெய்ததும் அவ்வெடிப்புகள் மூடிக்கொள்வதையும் நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். களிமண் நீரை உண்டு பருக்கிறது, காய்ந்தால் சுருங்குகிறது. மரத்தின் இயல்பும் அதுவே. நம் பகுதி வெயிலில் வள்ளத்தைத் திறந்து போட்டால் பலகைகள் சுருங்கிப் பிளந்துவிடும். ஆகவே முதலில் ஓலைக் கொட்டகை வேண்டும். வள்ளத்தின் அடிமரத்துக்கு 'ஏரா' என்று பெயர். அது வளையாதபடி சமமட்டமாகத் தாங்குகட்டைகளை வைக்க வேண்டும். பின்னர் உப்பையும் ஒட்டியுள்ள சிப்பிகளையும் கழுவிச் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். எனவே அதை நனைத்தே சுரண்ட வேண்டும், தூசியைச் சுவாசிக்கலாகாது.

நோய் அறிதல்

மருத்துவர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல, கொட்டாப்புளியால் ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் 'மொத்'தென்னும். ஐயமான இடத்தில் கூரிய ஊசியால் குத்தினால் உண்மை தெரிந்துவிடும். வியப்பு என்னவெனில், கடல்நீரைவிட உள்ளே தேங்கும் மழைநீரே மரத்தை விரைவில் மக்கச் செய்கிறது. உப்பு பூஞ்சையைத் தடுக்கிறது. மழைநீரில் உப்பு இல்லை. கடலுக்கும் ஓர் எதிரி உண்டு. கப்பல் புழு எனப்படும் அது உண்மையில் புழுவன்று, சிப்பி இனத்தைச் சேர்ந்தது. வெளியே சிறு துளைதான் தெரியும். உள்ளே மரம் சல்லடையாகியிருக்கும்.

கெட்ட பகுதிகளைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்க. அவை அனைத்தையும் ஒரேயடியாகக் கழற்றுதல் கூடாது. கழற்றினால் வள்ளம் தன் வடிவத்தை இழந்துவிடும். ஒன்றைக் கழற்றி, அதையே அளவாக வைத்துப் புதியதைச் செய்து பொருத்திய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். விலா எலும்பு போன்ற 'வங்கு'களுக்கு நேரான மரத்தை வளைவாக அறுப்பதைவிட, இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடுவது நல்லது. மரத்தின் நார் வளைவோடு ஓடுவதால் உறுதி மிகும். நம் கண்மாய்க்கரை நாட்டுக் கருவேலில் இத்தகைய கோணல் கிளைகள் கிடைக்கும். கோணலும் பயன்படும் இடம் இது! ஆணி அடிக்குமுன் துளையிட்டால் பலகை பிளக்காது.

பருத்தியும் குங்கிலியமும்

பலகைகளின் இடுக்குகளை அடைப்பதற்குக் 'கலப்பத்து' என்று பெயர். வள்ளம் மிதப்பதும் மூழ்குவதும் இதில்தான் உள்ளது. இங்கே நம் வயலின் விளைபொருள் வருகிறது. பருத்தியைத் தளர்வான திரியாக முறுக்கி, மழுங்கிய உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி இடுக்கில் செலுத்துகிறார்கள். குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுகிறார்கள். நோவாவின் பேழைக்கும் உள்ளும் புறமும் கீல் பூசப்பட்டதாக மறைநூலில் படிக்கிறோம் அல்லவா? குங்கிலியம் எளிதில் தீப்பற்றும். ஆதலால் காய்ச்சும் வேலையைப் பெரியவர்கள் திறந்த வெளியில், அருகே மணல் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

புதியவர் வேகமாகவும் இறுக்கமாகவும் திணிக்க எண்ணுவர். அது தவறு. நீரில் இறங்கியதும் பலகையும் பருக்கும், பருத்தியும் பருக்கும். இடமின்றித் திணித்திருந்தால் அந்த அழுத்தம் ஆணிகளையே நெகிழ்த்திவிடும். கரிசல் நமக்குக் கற்பித்த பாடத்தை இங்கே மறக்கலாகாது.

நீரில் இறங்கும் நாள்

இறக்குவதற்குச் சில நாள் முன்பே ஈரச் சாக்குகளால் வள்ளத்தை மூடி வைக்கலாம். முதலில் ஆழமற்ற நீரில் கட்டி வைக்க வேண்டும். தொடக்கத்தில் நீர் கசியும், அஞ்ச வேண்டாம். மரம் ஊற ஊறக் கசிவு குறையும். பின்னும் நிற்காத இடத்தைக் குறித்துக்கொண்டு மீண்டும் கலப்பத்து பார்க்க வேண்டும். அனுபவமுள்ள ஓடாவி ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை எவரும் அதில் கடலுக்குச் செல்லலாகாது. உயிர்கள் அந்தப் பருத்தித் திரியை நம்பியே செல்கின்றன.

ஓடாவி என்பவர் படகு கட்டும் தச்சர். வரைபடத்தைவிடக் கண்ணையும் கையையும் நம்பி வேலை செய்த பரம்பரை அது. தமிழர் கைத்திறனுக்குச் சான்றாக, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகத்தையே அடைந்தது. இத்தகைய அறிவு ஏடுகளில் குறைவாகவும் கைகளில் மிகுதியாகவும் இருக்கிறது. ஒரு வள்ளம் விறகாகும்போது அதைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பும் சேர்ந்து எரிகிறது. தூத்துக்குடிக்குச் செல்லும்போது கரையில் கிடக்கும் பழைய வள்ளம் ஒன்றின் அளவுகளை எடுத்து, அதன் உறுப்புகளின் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதி வருவோமானால், அதுவும் ஒரு செப்பனிடும் பணியே.

"ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி" என்பார்கள். ஒன்பது பேர் கூடி ஆரவாரம் செய்வதைவிட, ஒருவர் பொறுமையாக அமர்ந்து ஓர் இடுக்கை அடைப்பதே வள்ளத்தைக் கரை சேர்க்கும்.