மந்திரி விலகிய செய்தி மலைக்கு வந்தபோது

1958 பிப்ரவரியில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி மத்திய நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார். ஜவ்வாது மலை அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ செங்கத்துக்கோ இறங்கிப் போனவர்கள், உப்போடும் மண்ணெண்ணெயோடும் சேர்த்துச் சேதியையும் சுமந்து ஏறிய காலம் அது. டில்லியில் ஒரு தமிழர் பதவி இழந்த சேதி இந்த மலையில் எத்தனை வீடுகளை எட்டியிருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2025 ஏப்ரல் 27 அன்று வனத்துறை அமைச்சர் க. பொன்முடி விலகிய செய்தி, சிக்னல் எட்டுகிற இடத்துக்கெல்லாம் அன்றிரவே வந்து சேர்ந்தது. மலை இப்போது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. மூன்றிலும் ஒரே நேரத்தில் ஒரே காணொளி ஓடியது.

அன்றைக்குச் செய்தி தாமதமாக வந்தது. ஆனால் வந்தபின் தங்கியது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதற்குச் சில மாதம் முன்பு மகபூப் நகரில் 112 பேர் இறந்தபோதே அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. இரண்டாம் முறை ஏற்றார். சாஸ்திரியிடம் யாரும் முறைகேட்டைக் காணவில்லை. ஆனாலும் அமைச்சர் என்பவர் எதற்கெல்லாம் பொறுப்பு என்ற அளவுகோலை அந்த விலகல்தான் சாதாரண மக்களின் கையில் கொடுத்தது. ரயில்வே துணையமைச்சர் ஓ.வி. அழகேசனுக்கு எதிராக, ஆண்டதையும் மாண்டதையும் எதுகையில் கட்டிய வாசகம் 1957 தேர்தலில் சுவர்தோறும் ஏறியது. முதன்முதலாகத் தேர்தலில் நின்ற தி.மு.க. சட்டமன்றத்தில் 15 இடங்களைப் பிடித்தது. மக்களவைக்கு அக்கட்சியினர் இருவர் போனார்கள். அதில் ஒருவர், இந்த மலையடிவாரத்துத் திருவண்ணாமலைத் தொகுதியில் வென்ற இரா. தர்மலிங்கம்.

கிருஷ்ணமாச்சாரியின் விவகாரம் வேறு வகை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்திராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறக்குறைய 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. தன் முதலீட்டுக் குழுவை முறையாகக் கலந்துகொள்ளாமலே வாங்கியது. அதை மக்களவையில் கிளப்பியவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி. பம்பாய்த் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனியொருவராக விசாரித்தார். விசாரணையைத் திறந்த மன்றத்தில் வைத்தார். உள்ளே இடம் கிடைக்காத கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். அமைச்சர் வந்து பதில் சொன்னார், நிதிச் செயலாளர் எச்.எம். பட்டேல் வந்து பதில் சொன்னார். தெருவில் நின்றவர்களும் அதைக் கேட்டார்கள். சில வாரங்களில் அறிக்கை வந்தது. செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றது அறிக்கை. அமைச்சர் விலகினார்.

இப்படி ஊரறிய விசாரிக்கும் முறை மலைக்குப் புதிதல்ல. இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் கூடி வழக்குத் தீர்க்கும் வழக்கம் பழையது. தப்புச் செய்தவர் ஊர் முன்னால் நிற்க வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், அபராதம் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் மறுபடி ஊரில் ஒருவராகிவிடலாம். இதை நான் போற்றிப் பாட வரவில்லை. கூடிப் பேசியவர்கள் ஆண்கள், பெண்களைப் பற்றிய முடிவையும் அவர்களே எடுத்தார்கள். ஆனால் விசாரணை என்பது எல்லோர் காதிலும் விழ நடப்பது என்ற எண்ணம் பம்பாயிலும் இருந்தது, இந்த மலையிலும் இருந்தது.

மலை தன் சொந்த அமைச்சர் ஒருவரின் வீழ்ச்சியைப் பார்த்தது 2015இல். ஜமுனாமரத்தூர் அடங்கிய கலசப்பாக்கம் தொகுதியின் உறுப்பினர் ‘அக்ரி’ எஸ்.எஸ். கிருஷ்ணமூர்த்தி அப்போது வேளாண்மைத் துறை அமைச்சர். அந்த ஆண்டு பிப்ரவரியில் நெல்லையில் வேளாண் பொறியியல் துறையின் பொறியாளர் ஒருவர் ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டார். ஓட்டுநர் நியமனத்தில் அவருக்குத் தரப்பட்ட நெருக்கடியே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எதிர்க்கட்சிகளும் அரசு ஊழியர் சங்கங்களும் வீதிக்கு வந்தன. அமைச்சர் தானாக விலகவில்லை. அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார், கட்சிப் பொறுப்பையும் இழந்தார். ஏப்ரல் 5இல் சி.பி.சி.ஐ.டி. கைது செய்தது. பின்னாளில் நெல்லை நீதிமன்றம் அவரை விடுவித்தது.

தங்கள் எம்.எல்.ஏ. கைதானதைப் பற்றி மலை என்ன நினைத்தது என்று கேட்டால், நினைக்க அவகாசம் இருக்கவில்லை என்பதே பதில். ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அந்த வாரம் மலைக்கு வந்த செய்திகளில் எது பெரியது என்பதை யாரும் மலைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு துறையின் நியமனத்துக்காக அமைச்சர் போனார்; 20 உயிருக்காக எந்த அமைச்சரும் எங்கும் போகவில்லை. அரியலூர் தந்த அளவுகோலை எடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது எனக்கு.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் கலசப்பாக்கத்தில் கிருஷ்ணமூர்த்தியின் கட்சியான அ.தி.மு.க. வேறு வேட்பாளரை நிறுத்தி வென்றது. 2021இல் கிருஷ்ணமூர்த்தியே பக்கத்துப் போளூரில் நின்று வென்றார். 1957இல் ஒரு விபத்துக்காக ஆட்சியைக் கேள்வி கேட்ட அதே வட்டாரம்தான் இது. மக்களின் மனச்சாட்சி தேய்ந்துவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படிப் படவில்லை. ரேஷனுக்கும் சாலைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஒரு கட்சிக்காரரைப் பிடித்தே ஆக வேண்டிய நிலையில், வாக்கு என்பது தீர்ப்பாக இருப்பதைவிடத் தேவையாகவே இருக்கிறது.

பொன்முடியின் விலகலில் நிகழ்ந்த மாற்றம் உண்மையானது, பெரியது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் சென்னைக் கூட்டமொன்றில் அவர் சைவ, வைணவச் சமயக் குறிகளைப் பாலியல் தொழில் செய்யும் பெண்ணைப் பற்றிய ஆபாசக் கதையோடு சேர்த்துப் பேசினார். 1958இல் இப்படி ஒரு பேச்சு மேடையோடு போயிருக்கும். அதற்காக ஒரு மந்திரி பதவி விலகுவார் என்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். இப்போது அந்தப் பேச்சு பேசப்பட்டபடியே ஊர் ஊராகப் போனது. புளி உடைக்கும் பருவம் அது. மலையில் ஒரு களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி கைபேசியில் அதை ஓடவிட்டாள். மூத்தவள் ஒருத்தி கேட்டு முடிக்கும் முன்பே அணைக்கச் சொல்லிவிட்டு, பெண்கள் பஸ்ஸில் ஓசியில் போகிறார்கள் என்று சொன்னவர்தானே இவர் என்றாள். 2022இல் பேசியதை அவள் மறக்கவில்லை.

கண்டனம் எதிர்க்கட்சிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. சொந்தக் கட்சியான தி.மு.க.வின் கனிமொழியும் வெளிப்படையாகக் கண்டித்தார். ஏப்ரல் 11இல் பொன்முடியின் துணைப் பொதுச்செயலாளர் பதவி போனது. அவர் மன்னிப்புக் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 27ஆம் தேதி அமைச்சர் பதவியும் போனது. அதே நாளில், பதவியா ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட அமைச்சர் செந்தில் பாலாஜியும் விலகினார். இரண்டு விலகல்களும் ஒரே மாலையில், ஒரே அமைச்சரவை மாற்ற அறிவிப்பில் வந்தன. வனத்துறை ராஜ கண்ணப்பனுக்குப் போனது. இருவரும் ஏன் விலகினார்கள் என்று மக்கள் முன் எழுந்து பேசியவர் யாருமில்லை.

திரும்பி வரும் காலமும் சுருங்கிவிட்டது. கிருஷ்ணமாச்சாரி நான்கு ஆண்டு வெளியே இருந்து, 1962இல் திருச்செந்தூரில் போட்டியின்றித் தேர்வாகி, பிறகே மத்திய அமைச்சரவைக்குப் போனார். பொன்முடிக்குக் கட்சியின் துணைப் பொதுச்செயலாளர் பதவி 2025 நவம்பரிலேயே திரும்பக் கிடைத்தது. இடைவெளி ஏழு மாதம்.

வனத்துறை யாரிடம் இருக்கிறது என்பது இந்த மலைக்கு ஊர்வம்பு அல்ல. சாமை விதைக்கும் நிலம், தேன் எடுக்கும் பாறை, மாடு மேயும் சரிவு எல்லாவற்றிலும் அந்தத் துறையின் சொல் இருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் பட்டா வழங்க நீதிமன்ற இடைக்காலத் தடை நின்று, அது நீங்க 2016 ஆனது. இதற்கிடையே எத்தனை அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள்! பொன்முடி போனதில் மகிழ்ந்த பெண்களும் இங்கே உண்டு, கட்சிக்காரர் என்பதால் வருந்தியவர்களும் உண்டு. ஆனால் அந்தத் துறையை அவர் எப்படி நடத்தினார் என்று விசாரித்தவர் யாருமில்லை. விலகல் அந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை.

சாக்ளாவின் அறிக்கையை இன்றும் எடுத்துப் படிக்கலாம். எந்தக் கம்பெனியின் பங்கு, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யார் எதை மறுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 2015க்கும் 2025க்கும் நம்மிடம் இருப்பவை நீக்க அறிவிப்பும் ஆளுநர் மாளிகைச் செய்திக்குறிப்பும் நீதிமன்றக் கட்டுகளும்தான். அன்று சேதி எட்டாத மலையில் இன்று கல்லூரி போகும் பெண் கையில் கைபேசி இருக்கிறது. அவள் படிக்க ஓர் அறிக்கையை யாரும் எழுதவில்லை.